பழைய ஃபைபர் படகில் பெயிண்ட் உரிந்தால்: புதிதாக வாங்கியவருக்கு ஒரு வழிகாட்டி

கடலூர்த் தேவனாம்பட்டினம் தொடங்கி புதுச்சேரி வீராம்பட்டினம் வரையிலான கரையில் கைமாறும் பழைய ஃபைபர் படகுகளில் பல, விலை பேசுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் புதுப் பெயிண்ட் கண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்க்கும்போது பளபளக்கும் அந்தப் பூச்சு, இரண்டு மாதம் கடலுக்குப் போய் வந்ததும் அணியத்தின் (படகின் முன்பகுதி) இருபுறமும் ஏடு ஏடாகக் கிளம்பத் தொடங்கும். வாங்கியவர் உடனே கடலூர் முதுநகர்க் கடைத்தெருவுக்குப் போய் நான்கு லிட்டர் எனாமல் வாங்கி வந்து அதன் மேலேயே அடிப்பார்; அடுத்த பருவத்தில் அதுவும் சேர்ந்து உரியும். இதை நிறுத்துவதற்கு விலை உயர்ந்த பெயிண்ட் தேவையில்லை. புதுப் பூச்சு எதன் மேல் நிற்கப்போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் டப்பாவைத் திறக்கக்கூடாது என்ற ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதிச் செலவு மிஞ்சும்.

இங்கே சொல்லப்படுவது சுமார் முப்பது அடி நீளமுள்ள, வெளியில் மாட்டும் இன்ஜின் கொண்ட, பெரும்பாலும் மணலில் ஏற்றி வைக்கப்படும் ஃபைபர் படகைப் பற்றியது. மரப் படகுக்கும் இரும்பு விசைப்படகுக்கும் முறைகள் வேறு. துறைமுகத்தில் விசைப்படகுக்குப் பெயிண்ட் அடிப்பவர் சொல்லும் யோசனையை அப்படியே ஃபைபர் படகுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். மரத்தின் மேல் ஊறிப் பிடிக்கும் பெயிண்ட், ஃபைபரின் வழவழப்பான மேல்தோலில் ஊறுவதற்கு இடமே இல்லை.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இக்கரையில் கட்டுமரங்களின் இடத்தில் ஃபைபர் படகுகள் பெருமளவில் வந்து சேர்ந்தன. அந்தக் காலத்துப் படகு இன்று விற்பனைக்கு வந்தால் அதற்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. இடையில் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் ஒன்று. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் இன்னொன்று. கரையில் நிறுத்திய படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைவதும், உடைந்த இடத்தில் ஒட்டுப் போட்டுப் பெயிண்டால் மூடுவதும் இப்படிப்பட்ட புயல்களுக்குப் பின்னால் வழக்கமாக நடப்பவை. ஆகவே பெயிண்ட் ஏன் புதிதாக அடிக்கப்பட்டது என்ற கேள்வியை விற்பவரிடம் நேராகவே கேளுங்கள். “அண்ணே, லேசா வெளுத்திருந்துச்சு, ரெண்டு கை அடிச்சு விட்டேன்” என்ற பதில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் தட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக்கொண்டு அணியத்திலிருந்து அமரம் (பின்பகுதி) வரை அரை அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான ஃபைபர் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தாலோ, குழிகளை நிரப்பும் பட்டி கனமாகப் பூசப்பட்டிருந்தாலோ ஓசை மழுங்கிவிடும். மழுங்கிய இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, படகின் உட்புறத்தில் அதே இடத்தைப் பாருங்கள். வெளியே எவ்வளவு பூசி மெழுகினாலும் உள்ளே போட்ட ஒட்டு பெரும்பாலும் அப்பட்டமாகத் தெரியும். இன்ஜின் மாட்டும் பின்பலகையை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும்: அதன் உள்ளே ஒட்டுப்பலகை இருக்கும், போல்ட் துளைகள் வழியாக நீர் இறங்கி அது ஊறிப்போயிருந்தால் அது பெயிண்ட் வேலையோடு முடியாது, பின்பலகையையே மாற்ற வேண்டிவரும். போல்ட்டைச் சுற்றிப் பழுப்பு நிறக் கசிவு, மூலைகளில் கோடு கோடான விரிசல், இன்ஜினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பலகை சற்றே வளைவது ஆகியவை இதற்கான அடையாளங்கள்.

என்னைக் கேட்டால், பளபளக்கும் படகை விட உரிந்த பெயிண்டோடு நிற்கும் படகையே முதலில் பார்ப்பேன். அதில் மறைக்க எதுவும் மிச்சமில்லை. விலையையும் குறைத்துப் பேசலாம்.

உரிந்த சில்லைத் திருப்பிப் பாருங்கள்

படகு உங்களுடையதாகிவிட்டது, பெயிண்ட் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சுரண்டும் தகட்டை எடுப்பதற்கு முன், கிளம்பி நிற்கும் இடத்தில் உள்ளங்கை அளவு சில்லு ஒன்றை உடையாமல் பெயர்த்து, அதன் பின்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். படகின் வரலாறு முழுவதும் அந்தப் பின்புறத்தில் இருக்கிறது.

பின்புறம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால், பெயிண்ட் ஒருபோதும் ஒட்டவே இல்லை என்று பொருள். படகு வார்க்கப்பட்டபோது அச்சில் தடவிய மெழுகின் மேலோ, தேய்க்கப்படாத ஜெல்கோட்டின் (ஃபைபரின் வழவழப்பான மேல்தோல்) பளபளப்பின் மேலோ நேரடியாக அடித்திருக்கிறார்கள். பின்புறத்தில் விரலை ஓட்டும்போது மாவு ஒட்டினால், வெயிலில் வெளிறி மாவாகிப்போன பழைய பூச்சைக் கழுவாமல் அதன் மேல் புதியதை அடித்திருக்கிறார்கள். புதுப் பூச்சு மாவைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. சில்லின் ஓரத்தில் மூன்று நான்கு நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தால், எந்த இரண்டு நிறங்களுக்கு நடுவே பிரிந்திருக்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் அந்த அடுக்குக்கு மேலே உள்ள அனைத்தையும் எடுத்தாக வேண்டும், கீழே உள்ளவை உறுதியாக இருந்தால் விட்டுவிடலாம். பின்புறத்தில் கண்ணாடி நாரோ ஜெல்கோட்டுத் துண்டோ ஒட்டிக்கொண்டு வந்தால் வேலையை நிறுத்திவிட்டு ஃபைபர் வேலை தெரிந்தவரை அழையுங்கள். அங்கே குறை பெயிண்டில் இல்லை.

உரியாத குறைகளும் உண்டு. தோல் சுருங்கியதுபோல் வரிவரியாக இருந்தால், எனாமலின் மேல் வீரியமான தின்னர் கலந்த பெயிண்டை அடித்திருப்பார்கள், அல்லது ஒரே கையில் கனமாக ஏற்றியிருப்பார்கள். சிறு சிறு குழிகள் மீன் கண்போல் வட்டமாகத் தெரிந்தால் அடியில் எண்ணெய் இருந்திருக்கிறது. மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் மீன் நெய்யும் புழங்கும் படகில் இதற்குப் பஞ்சமில்லை. கையால் தடவும்போது நறநறவென்றிருந்தால் பிற்பகல் கடற்காற்றில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான், தேய்த்தால் போய்விடும்.

நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே உள்ள கொப்புளங்களை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது. கண்ணாடி அணிந்துகொண்டு ஒன்றைக் கூர்முனையால் குத்துங்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் திரவம் கண்ணில் தெறிக்கக்கூடும். வெறும் தண்ணீர் வந்து, அடியில் ஜெல்கோட் முழுதாக இருந்தால் அது பெயிண்ட் கொப்புளம். பிசுபிசுப்பாக, புளித்த காடி வாசனையோடு வந்தால் நீர் ஜெல்கோட்டைத் தாண்டி ஃபைபருக்குள் போயிருக்கிறது. கொப்புளங்களைத் திறந்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, வாரக்கணக்கில் காய விட்டு, பிறகே மூட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று அறிய, ஒரு அடிச் சதுரமுள்ள பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப்புகாமல் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் காயவில்லை.

பழைய பெயிண்ட் எந்த வகை

எஞ்சி நிற்கும் பெயிண்ட் சாதாரண எனாமலா, ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் இருபாக எபாக்சியோ பியூ (பாலியூரித்தேன்) பெயிண்டோ என்பது தெரியாமல் மேற்கொண்டு போக முடியாது. பனியன் வேஸ்ட்டை (கழிவுத் துணி) என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்து, நன்றாக ஒட்டியிருக்கும் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் அழுத்தி வைத்துவிட்டுத் துடையுங்கள். பெயிண்ட் இளகித் துணியில் நிறம் ஏறினாலோ சுருங்கினாலோ அது எனாமல் வகை. அசையாமல் நின்றால் அது இருபாக வகை.

இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்றால், எனாமலின் மேல் எபாக்சியையோ பியூவையோ அடித்தால் அவற்றின் தின்னர் அடியிலுள்ள எனாமலைத் தூக்கிவிடும். நன்றாகக் காய்ந்த இருபாகப் பெயிண்டைத் தேய்த்துவிட்டு அதன் மேல் எனாமல் அடிப்பதில் இந்தச் சிக்கல் கிடையாது. எனவே எனாமல் அடித்த படகு கையில் இருந்தால் உங்களுக்கு இரண்டே வழிகள்: எனாமலிலேயே தொடர்வது, அல்லது ஜெல்கோட் தெரியும்வரை முழுவதையும் எடுத்துவிட்டு இருபாகப் பெயிண்டுக்குப் போவது.

எவ்வளவு எடுப்பது என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். கூர்மையான கட்டர் பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடுகளும், அவற்றின் குறுக்கே ஆறு கோடுகளும் கீறி, நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கோடுகளின் ஓரத்தில் சிறு துணுக்குகள் மட்டும் வந்தால் அந்தப் பெயிண்ட் நிற்கும். சதுரங்கள் முழுதாக டேப்போடு வந்தால் அந்தப் பகுதியை நம்ப முடியாது. அணியம், நடுப்பகுதி, அமரம் என இருபுறமும் இதைச் செய்து பார்த்தால், பல படகுகளில் அணியத்தையும் விளிம்பையும் தவிர மற்ற இடங்கள் உறுதியாக இருப்பதைக் காணலாம். அப்படிப்பட்ட படகில் முழுவதையும் சுரண்டி எடுப்பது வீண் கூலி. ஆனால் சோதித்த இடங்களில் பாதிக்கு மேல் தோற்றால் அங்கங்கே ஒட்டுப்போடும் வேலையில் இறங்க வேண்டாம். மிச்சமிருப்பது ஆறு மாதத்தில் கிளம்பி, நீங்கள் புதிதாக அடித்ததையும் இழுத்துக்கொண்டு போகும்.

கழுவுதல்

தேய்ப்பதற்கு முன் கழுவ வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மெழுகும் எண்ணெயும் இருக்கும் பரப்பில் உப்புத்தாளைப் போட்டால், தாள் உண்டாக்கும் கீறல்களுக்குள்ளேயே அவை போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் சோப்புத் தூளும் தேங்காய் நாரும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, தின்னர் காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் படகு முழுவதையும் துடைத்தால் எண்ணெயை இடம் மாற்றியதாகத்தான் ஆகும். எஞ்சியிருப்பது எனாமல் என்றால் தின்னருக்குப் பதில் டர்பன்டைன் போதும்.

கடைசியாகக் கழுவும் தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது. கரையோர ஊர்களில் பல இடங்களில் கைப்பம்புத் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும். அதில் கழுவினால் உப்பைப் பூசிவிட்டுப் பெயிண்ட் அடித்ததாகிவிடும். எவர்சில்வர் தட்டில் அந்தத் தண்ணீரை நான்கு துளி விட்டு வெயிலில் காய வையுங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் கனமாகப் படிந்தால், கடைசிக் கழுவலுக்குக் குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ தொட்டித் தண்ணீரோ கொண்டு வாருங்கள். கழுவி முடித்ததும் பரப்பின் மேல் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள்: தண்ணீர் தகடாகப் பரவி நின்றால் பரப்பு சுத்தம், சேப்பிலையில் உருள்வதுபோல் முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பசை இன்னும் போகவில்லை, மறுபடி துடைக்க வேண்டும்.

சுரண்டுதலும் தேய்த்தலும்

இதில் இரண்டு குறுக்கு வழிகளை முதலிலேயே விலக்கிவிடுகிறேன். பெயிண்டை இளக்கி எடுக்கும் கெமிக்கல் ரிமூவர், இரும்புக்கு உகந்தது. ஃபைபரின் கண்ணாடி நாரைப் பிடித்து வைக்கும் பாலியஸ்டர் ரெசினையும் அது அரிக்கும். நெருப்பு வைத்து ஊதிச் சுரண்டுவதும் அப்படியே, ரெசின் சூட்டில் பலமிழக்கும். கிளம்பி நிற்பதை அகலமான தகட்டால், முனைகளைச் சற்று மழுக்கிக்கொண்டு, பரப்போடு படுக்கைவாக்கில் தள்ளிச் சுரண்டுவதே பாதுகாப்பானது. ஆங்கிள் கிரைண்டரைப் பழக்கமில்லாதவர் கையில் கொடுக்கக்கூடாது. ஜெல்கோட்டின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். கிரைண்டர் ஒரு கணம் ஒரே இடத்தில் நின்றால் நார் தெரிந்துவிடும்.

சுரண்டியபின் பழைய பெயிண்டின் விளிம்பு படிபோல் நிற்கும். அந்தப் படியை 80 அல்லது 120 எண் தாளால் சரிவாக்கி, விரலை ஓட்டினால் விளிம்பு எங்கே இருக்கிறதென்று தெரியாத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். புதுப் பெயிண்டின் வழியாகப் பழைய உரிசலின் வரைபடம் தெரிவதற்குக் காரணம் இந்த வேலையை விட்டுவிடுவதுதான். அதன்பின் படகு முழுவதையும், உறுதியாக நிற்கும் பகுதிகளையும் சேர்த்து, 180 அல்லது 220 எண் தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். எங்காவது மினுமினுத்தால் அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. சாயும் வெயிலில் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் விட்டுப்போன இடங்கள் பளிச்சென்று தெரியும்.

தூசியை அலட்சியப்படுத்த வேண்டாம். வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சு எதிலும் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். வாட்டர் பேப்பரில் நனைத்துத் தேய்ப்பது நல்லது. உலர்ந்த நிலையில் தேய்க்க நேர்ந்தால் நல்ல வடிகட்டியுள்ள முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். படகின் கீழே தார்ப்பாய் விரித்துச் சுரண்டலை வாரிச் சாக்கில் கட்டுங்கள். கருவாடு காயும் இடத்துக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் காற்று வீசும் திசையில் இந்த வேலையைச் செய்வது தகாது. படகை எங்கே ஏற்றி வைக்கலாம், கீற்றுப் பந்தல் போடலாமா என்று ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கேட்டுக்கொள்வது பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கும்.

பட்டியும் ஒட்டும்

மோசமான பெயிண்ட் வேலையின் அடியில் பெரும்பாலும் கார்ப் பட்டி இருக்கும். மலிவானது, சீக்கிரம் இறுகுவது, தேய்க்க எளிது. ஆனால் அதில் கலந்திருக்கும் மாவு நீரை உறிஞ்சும். நீர்மட்டக் கோட்டுக்கு மேலே சிறு கீறலுக்கு அது பரவாயில்லை. கீழே கண்டால் தோண்டி எடுத்துவிட்டு எபாக்சிப் பட்டியால் நிரப்புங்கள். நட்சத்திரம்போல் விரியும் விரிசல் ஏதோ மோதிய இடம், அதன் மேல் பட்டி பூசினால் மறுபடி விரியும். விரிசலைத் தோண்டி அடி எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும். நார் அறுந்திருந்தால் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வைத்து ஒட்டுப்போட வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள சுவர் என்றால் உடைந்த இடத்தைச் சுற்றி ஆறு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அந்தச் சரிவின் மேல் மேட் துண்டுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால்தான் ஒட்டு பலமாக நிற்கும்.

ரெசின் கலக்கும்போது உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விதி உண்டு. ஆக்சிலரேட்டரையும் (இறுகுவதை விரைவாக்குவது) கேட்டலிஸ்டையும் (இறுகுவதைத் தொடங்கிவைப்பது) ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக்கூடாது. சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ஆக்சிலரேட்டரை ரெசினில் கலந்து நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் சேர வேண்டும். கடையிலேயே ஆக்சிலரேட்டர் கலந்த ரெசின் கிடைத்தால் புதியவருக்கு அதுவே உத்தமம். கேட்டலிஸ்ட் ஒரு கிலோ ரெசினுக்குப் பத்து முதல் இருபது மில்லி; நம் ஊர் வெயிலில் பத்தை ஒட்டியே இருங்கள். வரிசையையும் மறக்க வேண்டாம்: பாலியஸ்டர் வேலைகளை முதலில் முடித்துவிட்டு, அதன் மேல் எபாக்சி. எபாக்சியின் மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது.

பெயிண்ட் அடிக்கும் நாளும் நேரமும்

மாசி, பங்குனி மாதங்கள் இந்த வேலைக்கு வாகானவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பராமரிப்புக்குக் கரையேறிவிடுவதால் பெயிண்டர் கிடைப்பதும் கடினம், கூலியும் ஏறியிருக்கும். அதோடு கத்திரி வெயிலில் ஃபைபரின் மேல் உள்ளங்கையை வைக்கவே முடியாது. உள்ளங்கை தாங்காத சூட்டில் பெயிண்ட் பரவுவதற்குள் இறுகும், குமிழி கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நாளில் நேரமும் குறுகியதுதான். விடியலில் படகின் மேல் பனி ஈரம் இருக்கும். பிற்பகலில் கடற்காற்று உப்பையும் மணலையும் கொண்டு வரும். ஈரத்துணியால் ஓரிடத்தைத் துடைத்து, கால் மணி நேரத்துக்குள் அது காய்ந்துவிட்டால் தொடங்கலாம். காலை எட்டரை மணி அளவில் தொடங்கி, காற்று திரும்புவதற்குள் ஒரு பக்கத்தை முடித்துவிடுவது நல்ல திட்டம். மாலையில் அடித்தால் இரவுப் பனி விழுந்து பளபளப்பு மங்கிவிடும். பியூ பெயிண்டுக்கு இது மிகவும் ஆகாது, ஏனென்றால் அதன் ஹார்ட்னர் ஈரத்தோடு வினை புரியும்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, நீருக்கு மேல் தெரியும் பக்கச்சுவரின் சராசரி உயரத்தால் பெருக்குங்கள். ஒன்பது மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 0.8 மீட்டர் உயரம் என்றால் சுமார் 17.6 சதுர மீட்டர் வரும். ஒரு லிட்டருக்குப் பத்துச் சதுர மீட்டர் என்று வைத்தால், சேதாரத்தோடு ஒரு கைக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் ஆகும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் பரப்பளவைப் போட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஜெல்கோட் தெரியும் இடங்களில் முதலில் எபாக்சி பிரைமர் (அடிப்பூச்சு). எனாமலிலேயே தொடர்பவர் அந்தத் திட்டுகளில் மட்டும் பிரைமரை அடித்து, பழைய எனாமலின் விளிம்பில் அது ஏறாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். பிரைமருக்கும் அடுத்த கைக்கும் இடையே எவ்வளவு நேரம் விடலாம் என்பது டப்பாவில் எழுதியிருக்கும். அந்த நேரம் தாண்டிவிட்டால் 220 எண் தாளால் லேசாகத் தேய்த்த பிறகே தொடர வேண்டும். எபாக்சியை அப்படியே வெயிலில் மேல்பூச்சாக விட்டுவிடக்கூடாது, வெளிறி மாவாகும். அதன் மேல் எனாமலோ பியூவோ மெல்லியதாக இரண்டு கை. கனமாக ஒரு கை அடிப்பதைவிட இதுவே சீக்கிரம் காயும், வழியாது. ரோலரால் இரண்டடி அகலத்துக்குப் பரப்பி, உடனே நல்ல பிரஷ்ஷின் நுனியால் படகின் நீளவாக்கில் லேசாக இழுத்துவிட்டால் ரோலர் புள்ளிகள் மறையும். முந்தைய பகுதியின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை.

பியூ பெயிண்டை ஸ்ப்ரே மெஷினில் அடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும். துணிக் கவசம் அதைத் தடுக்காது, தனியாகக் காற்று வரும் கவசம் வேண்டும். ரோலரும் பிரஷ்ஷும் புதியவருக்குப் போதும். ஹார்ட்னரைக் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளவுக் குவளையில் அளந்து, அரை மணி நேரத்தில் தீரும் அளவு மட்டும் கலக்குங்கள்.

உண்மையில் நான் வற்புறுத்துவது இன்னொன்று: படகு முழுவதற்கும் அடிப்பதற்கு முன், அணியத்தில் இரண்டு அடிச் சதுரத்தில் பிரைமர் முதல் மேல்பூச்சு வரை அடித்து, ஒரு வாரம் விட்டு, முன்பு சொன்ன கட்டம் கீறும் சோதனையைச் செய்யுங்கள். அந்த ஒரு வாரத்துக்குப் பெரும்பாலானோருக்குப் பொறுமை இருப்பதில்லை. ஆனால் தோற்றால் கால் லிட்டரோடு போகும்.

அடிப்பகுதி, எண், நிறம்

தினமும் மணலில் ஏறும் படகுக்குச் சிப்பி ஒட்டாத விசேஷப் பெயிண்ட் தேவையில்லை. உப்பனாற்றிலோ துறைமுகத்திலோ நாள் கணக்கில் நீரிலேயே கிடக்கும் படகுக்கு மட்டும் அது தேவை; பழைய பூச்சு இருந்தால் அதில் விஷம் உண்டு, நனைத்தே தேய்க்க வேண்டும். மணலில் ஏற்றும் படகுக்குப் பெயிண்டை விட ஏராவின் (படகின் அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்புப் பகுதி) தேய்மானமே பெரிய பிரச்சினை. அங்கே நார் தெரிந்தால் மேட் வைத்துக் கனமாக்கிய பிறகே பெயிண்ட்.

பதிவு எண்ணைத் தேய்த்து அழிப்பதற்கு முன், எழுத்தின் உயரமும் இடமும் தெரியும்படி இருபுறமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரின் ஆவணத்தில் உள்ள எண்ணும் படகில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அப்போதே சரிபார்க்கலாம். உரிமை மாற்றம் மீன்வளத் துறை மூலமாக, படகுப் பதிவுக்கான ரியல்கிராஃப்ட் இணையதளத்தில் நடக்கிறது. மேலும் மும்பைத் தாக்குதலுக்குப் பின் கடலோர மாநிலங்கள் தத்தம் படகுகளுக்கு நிறங்களை வரையறுத்திருப்பதால், புதுச்சேரிப் படகைக் கடலூர்க்காரர் வாங்கினாலோ, மறுபக்கமாக நடந்தாலோ, நிறத்தைத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்ட பிறகு பெயிண்ட் வாங்குவது நல்லது.

கடலில் இறக்குவது

தொட்டால் ஒட்டாத நிலை வேறு, இறுகிய நிலை வேறு. பியூ பெயிண்ட் முழுமையாக இறுக ஏழு நாட்கள் ஆகும். எனாமலுக்கு அதற்கும் மேல் கொடுங்கள். நகத்தால் அழுத்தித் தடம் விழுந்தால் இன்னும் இறுகவில்லை. அதற்குள் டிராக்டரில் கட்டி இழுத்தால் மணல் பெயிண்டைக் கீறும், பக்கவாட்டில் கட்டிய கயிறு தன் தடத்தைப் பதித்துவிடும்.

மிச்சப் பெயிண்டைச் சிறிய டப்பாவுக்கு மாற்றி, நிறத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். திறந்த ஹார்ட்னர் காற்றின் ஈரத்தை இழுத்துக் கெட்டுவிடும். பின்னால் திட்டுப் பூச வேண்டிவந்தால் புதுச் செட் வாங்குவதே சரி. இறக்கிய முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை அணியத்தையும் வலை உரசும் விளிம்பையும் பாருங்கள். பெயிண்ட் மட்டும் கீறியிருந்தால் அடுத்த ஓய்வு நாள்வரை காத்திருக்கலாம். நார் தெரிந்தால் அந்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, காய வைத்து, ரெசின் தடவி மூடிய பிறகே படகை மறுபடி கடலுக்கு இறக்குங்கள்.